சாவியை எடுத்தாலே முட்டிக்கொண்டு வந்தது

வேலை முடிந்து, சிங்கப்பூரின் வடகோடியில் நான் வசிக்கும் உட்லண்ட்ஸ் வரை ரயிலில் நிம்மதியாகத்தான் வருவேன். மின்தூக்கியிலிருந்து இறங்கிச் சாவியைக் கையில் எடுத்ததும் சிறுநீர் முட்டும். கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடும்.

முதலில் போன மருந்தகத்தில் (கிளினிக்), "ஐம்பதை நெருங்குகிறீர்கள், அப்படித்தான் இருக்கும், நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். சிறுநீரைக்கூடச் சோதிக்கவில்லை. நோய்த்தொற்றா, நீரிழிவா என்று பாராமல் வயதின்மேல் பழியைப் போடுவது என்ன வைத்தியம்? இன்றும் ஆறவில்லை எனக்கு.

பிறகு போன பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) பரிசோதனைகள் முடிந்து, பரிந்துரைக் கடிதமும் கிடைத்தது. (பொது மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் அந்தக் கடிதம் அவசியம்.) வாரக்கணக்கில் காத்திருந்து, விடுப்பெடுத்துக்கொண்டு போனால், "சிறுநீர்க் குறிப்பேடு எங்கே?" என்றார் முகப்பில் இருந்த பெண். அப்படி ஒன்று எழுத வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. நினைவூட்டல் குறுஞ்செய்தியிலும் இல்லை. வேறு தேதி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். ஆகவே முன்பதிவின்போதே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். என்ன குடித்தோம், எப்போது போனோம், எத்தனை மில்லிலிட்டர், கசிந்ததா என்று 3 நாள் எழுத வேண்டும். அளவுக் குவளை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏட்டைப் பார்த்ததும் இயன்முறை சிகிச்சையாளருக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்களின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாங்கும். நானோ 150 சேர்வதற்குள் ஓடிக்கொண்டிருந்தேன். "வெளியே கிளம்புமுன் எதற்கும் ஒருமுறை போய்விட்டு வா" என்று அம்மா பழக்கியது அப்படியே நின்றுவிட்டது. பாதி நிரம்புமுன்பே காலி செய்து வந்தால் மூளை அதையே முழு அளவாக எடுத்துக்கொள்கிறதாம். மணியோசையோடு உணவு கிடைத்துப் பழகி, பிறகு வெறும் மணியோசைக்கே எச்சில் ஊறிய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களைப் போல, சாவிக்கும் குழாய்ச் சத்தத்துக்கும் பை சுருங்கப் பழகிவிடுகிறது. பழகியதை மாற்றவும் முடியும் என்று அவர் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

அவசரம் வந்தால் ஓடக்கூடாது. ஓட ஓட அது கூடும். அசையாமல் நின்று, இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீரை அடக்கும்போது இறுக்குகிறோமே, அவை) சட்டென்று இறுக்கித் தளர்த்தி, மனதைத் திருப்ப 100லிருந்து ஏழேழாகக் கழித்து எண்ண வேண்டும். வேகம் தணிந்த பிறகு நடந்து போகலாம். கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக நீட்டி, 3 மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலன் தெரிய 6 வாரத்துக்கு மேலும் ஆகலாம், இடையில் விட்டுவிடாதீர்கள். காப்பி, தேநீரைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்தால் பையை உறுத்தும்.

போன மாதம் மலேசியாவை இணைக்கும் ஜோகூர்க் கடற்பாலத்து நெரிசலில், பஸ்ஸில் அக்காவோடு பேசிக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் அந்த நெரிசலுக்குப் பயந்தே அவள் அழைப்பைத் தட்டிக்கழிப்பேன்.

சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் இருந்தால் மட்டும் இந்தப் பயிற்சியில் நாளைக் கடத்தாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். பரிசோதிக்காமலேயே நாப்கினைப் பரிந்துரைத்தால் வேறு மருத்துவரிடம் போங்கள்.