எல்லோரா: உறைந்த எரிமலைக் குழம்பில் குடைந்த கோயில்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து (பழைய ஔரங்காபாத்) எல்லோரா 30 கிலோமீட்டர் சொச்சம்தான். போய்வர 900 ரூபாய் என்று பேசி ஏற்றிய ஆட்டோக்காரர், வழியில் தௌலதாபாத் கோட்டை வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, "இங்கே நிற்க 400 தனி, பையா" என்றார். கோட்டையும் சேர்த்துத்தானே பேசினோம்? நடு ரோட்டில் வெயிலில் கால் மணி நேரம் வாக்குவாதம். 200க்கு இறங்கினார். அன்றைய சாப்பாட்டுக் காசு அது! ஊரில் எல்லோரா வழியாகப் போகும் பேருந்துகள் நிறைய. தனியாகப் போகிறவர்கள் பேசாமல் அதில் ஏறிவிடுங்கள்.

சரி, 16ஆம் குகைக்குள் நுழைந்ததும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. கைலாசநாதர் கோயில். 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் முதலாம் கிருஷ்ணர் காலத்து வேலை என்கிறார்கள். கட்டிய கோயில் இல்லை இது, மலையை மேலிருந்து கீழாக வெட்டி வெட்டி இறக்கிய கோயில். சுமார் 30 மீட்டர் உயரம். விமானத்தைச் செதுக்கி முடித்த பிறகுதான் அடியில் இருக்கும் யானைச் சிற்ப வரிசைக்கே வந்திருப்பார்கள். ஒரு கை உடைந்தால் மாற்றிவைக்க வேறு கல் கிடையாது.

இதற்கு அந்தக் கல்லும் ஒத்துழைத்திருக்கிறது. நம் தஞ்சைப் பெரிய கோயிலில் இருப்பது கிரானைட். பூமிக்கு அடியில் ஆற அமரக் குளிர்ந்ததால் அதன் கனிம மணிகள் கண்ணுக்கே தெரியும். இங்கே இருப்பது பசால்ட். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பூமி பிளந்து வழிந்த குழம்பு. சிலிக்கா பாதியளவுதான் என்பதால் இளகலாக வெகுதூரம் ஓடியிருக்கிறது. ஒன்று ஆறுவதற்குள்ளோ ஆறிய பிறகோ அடுத்தது மேலே வந்து படிந்து, கடைசியில் அடுக்கி வைத்த தோசை மாதிரி மலைகள். இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இதே கல்தான். தரைக்கு மேலே சட்டென்று குளிர்ந்ததால் மணிகள் மிகப் பொடி. இரும்பும் மெக்னீசியமும் மிகுந்த கனிமங்களால் அந்தக் கறுப்பு.

பிராகாரச் சுவரில் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உளி சாய்வாக இறங்கிய கோடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே கடுகளவிலும் பட்டாணி அளவிலும் வெள்ளைப் புள்ளிகள். குழம்பில் சிக்கிய வாயுக் குமிழ்கள் விட்டுப்போன பொந்துகள் அவை. பின்னால் ஊறிய நீர் சியோலைட், குவார்ட்ஸ் போன்ற கனிமங்களை உள்ளே படியவைத்து நிரப்பியிருக்கிறது. பொதுவாக ஒவ்வொரு அடுக்கிலும் மேல்பகுதியில் குமிழ் அதிகம், நடுப்பகுதிதான் கெட்டி. இதைக் கணக்குப் பார்க்காமல் அந்தச் சிற்பிகள் உளி வைத்திருக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம். கொஞ்ச நேரம் அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டே நின்றேன்.

இந்தக் கல்லை உடைத்தால் ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் ஜல்லி. உருக்கி இழுத்தால் கண்ணாடியிழை போன்ற நார்கூட எடுக்கிறார்கள். தானாக மட்கினால் கரிசல் மண். பருத்தியும் சோளமும் இந்தப் பக்கம் செழிப்பது அதனால்தான். வெளியே ஒரு சின்னக் கடையில் சூடான சோள பாக்ரியும் (தடித்த ரொட்டி) ஜுன்காவும் (கடலை மாவில் கிளறுவது) பச்சை வெங்காயமும் 100 ரூபாய்க்குள் முடிந்தது. பயணத்திலேயே நல்ல சாப்பாடு அதுதான், இரண்டாவது பாக்ரியைக் கேட்காமலே வைத்தார் அந்தக் கடைக்கார ஆயி (மராத்தியில் அம்மா).

அப்புறம், செவ்வாய்க்கிழமை எல்லோரா விடுமுறை, அஜந்தாவுக்குத் திங்கள். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. இதே பசால்ட்டில் விண்கல் விழுந்து தோண்டிய 1.8 கிலோமீட்டர் அகலப் பள்ளம் லோனாரில் இருக்கிறது. டாக்சிக்குக் கேட்ட தொகையில் நான் போகவில்லை. கையில் ஒரே நாள்தான் என்றால் நீங்களும் போகாதீர்கள், அந்த நேரத்தையும் 16ஆம் குகைக்கே கொடுங்கள்.