விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பது

என் ஷிஃப்ட் இரவு 11 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்கு முடியும். தொலைபேசி வழியாக மனநல ஆலோசனை தருவது வேலை. பகலில் அழைக்கிறவர்கள் பிரச்சினையைச் சொல்வார்கள்: கடன், தேர்வு, மணவாழ்க்கை. இரவு 2 மணிக்குமேல் அழைக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். பழைய வீட்டின் மாடிப்படி கனவில் வந்தது என்பார்கள். எதற்காக அழைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதைச் சொல்கிறவர் உண்மையின் பக்கத்தில் நிற்கிறார்.

இந்த வேலைக்கு வரும்முன் உளப்பகுப்பாய்வு பற்றி நிறையப் படித்திருந்தேன். அந்தப் படிப்பே முதல் வருடத்தில் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. மனம் ஓர் இருட்டறை, என் கையில் இருப்பது டார்ச் விளக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் அழைத்தார். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) நடைவழி விளக்கு எரிந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்த பல்பு போய்விட்டது, புதிதாகப் போட்டது வெள்ளை வெளிச்சம், பழையது மஞ்சள். வெள்ளை வெளிச்சத்தில் கண் மூட முடியவில்லை என்றார். இருபது நிமிடம் பல்பைப் பற்றியே பேசினார். இடையில் ஒரு வாக்கியம் வந்தது: “அப்பா வந்ததும் அணைத்துவிடுவார்.” சற்றுமுன்தான், அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது என்று சொல்லியிருந்தார்.

‘அணைத்துவிடுவார்’ என்பது நம் இலக்கணப்படி எதிர்காலம். ஆனால் பழைய நாட்களின் வழக்கத்தைச் சொல்லவும் அதே வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அப்போதெல்லாம் அணைப்பாரா, இனி வந்து அணைப்பாரா? காதால் பிரித்தறிய முடியாது. நான் பாய்ந்துவிட்டேன். “இப்போதும் அவர் வருவார் என்று காத்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் மூச்சு நின்றதுபோல் இருந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. பதிவேட்டில் ‘23 நிமிடம், அழைத்தவரே துண்டித்தார்’ என்று எழுதும்போது கை நடுங்கியது.

என் மேற்பார்வையாளர் குறிப்பைப் படித்துவிட்டுச் சொன்னார்: “நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது அவர் போய்ச் சேரவேண்டிய இடம். நீங்கள் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டீர்கள்.”

நனவிலியின், அதாவது நமக்கே தெரியாமல் இயங்கும் மனத்தின், செயல்களில் காலம் இல்லை என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அங்கே எதுவும் பழையதாவதில்லை. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒரு வினைமுற்றில் அதைக் கேட்டது அந்த இரவில்தான். கேட்ட மாத்திரத்தில் கெடுத்தும் விட்டேன்.

அதன்பிறகு பழைய நூல்களை மீண்டும் எடுத்தேன். இம்முறை அறிவதற்காக இல்லை, கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்ள. 1912இல் மருத்துவர்களுக்கு எழுதிய அறிவுரையில் ஃப்ராய்டு ஓர் உவமை சொல்கிறார்: பேசுகிறவரின் நனவிலியை நோக்கி மருத்துவர் தம் நனவிலியைத் தொலைபேசியின் கேட்புக்கருவிபோலத் திருப்பி வைக்கவேண்டும். எதையும் முன்கூட்டித் தேடாமல், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவனம். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த உவமை உவமையாகவே படவில்லை. 1916இல் எழுத்தாளர் லூ ஆண்ட்ரியாஸ் சலோமேவுக்கு எழுதிய கடிதத்தில், ஓர் இருண்ட இடத்தில் எல்லா ஒளியையும் குவிப்பதற்காகத் தம்மைத் தாமே செயற்கையாகக் குருடாக்கிக்கொள்வதாகச் சொல்கிறார். அதைப் படித்த வாரத்திலிருந்து 2 மணிக்குமேல் மேசை விளக்கையும் எதிரில் உள்ள திரையையும் அணைத்துவிடுகிறேன். குறிப்பெல்லாம் அழைப்பு முடிந்தபின்தான். என் வேலை உளப்பகுப்பாய்வு ஆகாது; ஒரு முறை பேசிவிட்டு மறைந்துபோகிறவர்களிடம் அதைச் செய்யவும் கூடாது. கேட்கும் முறையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

நனவிலி என்ற சொல்லையே நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆழ்மனம் என்றால் கிணற்றின் அடியில் கிடக்கும் ஏதோ ஒன்றுபோலத் தோன்றுகிறது; கயிறு விட்டு எடுத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறது. அது கீழே கிடப்பதில்லை, பேச்சின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. ஒரு விகுதியில், ஒரு வாய்தவறலில், பல்பின் நிறத்தில்.

இருளைப் பற்றிய இலக்கியம் என்றதும் பலரும் சொல்வது ஜோசப் கான்ராட் 1899இல் வெளியிட்ட ‘ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்’ (இருளின் இதயம்) என்ற ஆங்கிலக் கதை. ஃப்ராய்டின் கனவு நூலும் அதே ஆண்டு நவம்பரில்தான் வந்தது, அட்டையில் 1900 என்ற ஆண்டோடு. கான்ராடின் கதையில் என்னை ஈர்ப்பது ஆப்பிரிக்க ஆற்றுப்பயணத்தைவிட அது சொல்லப்படும் விதம்தான். தேம்ஸ் ஆற்றில் நிற்கும் படகில் மார்லோ என்ற மாலுமி கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். பொழுது சாய்ந்து, கேட்பவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போகிறது. அவர்களுக்கு அவன் வெறும் குரலாகிவிடுகிறான். அந்தக் குரலிலிருந்துதான் அவனால் பகலில் சொல்ல முடியாதது வெளிவருகிறது. ஆனால் அதே கதை ஒரு கண்டத்தையும் அதன் மக்களையும் இருளின் பெயராக்கிவிட்டது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975இல் ஆற்றிய உரையில் அதைக் கண்டித்தது முற்றிலும் நியாயம். 1926இல் ஃப்ராய்டு பெண்களின் பாலியல் வாழ்வை ‘இருண்ட கண்டம்’ என்று அழைத்ததிலும் அதே பிழை இருக்கிறது. தனக்குள் பார்க்க அஞ்சுவதை அடுத்தவர்மேல் ஏற்றிவிட்டு, அவரையே இருள் என்று அழைக்கிற பழக்கம் அது. அழைப்புகளில் நான் தினமும் கேட்கிறேன்: “என் மனைவியைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை, மேடம்.”

நம் அகப்பாடல்கள் இந்தப் பிழையைச் செய்யவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு யாமத்தை, அதாவது நள்ளிரவை, உரிய பொழுதாக வைக்கிறது. களவில் காதலர் சந்திக்கும் இரவுக்குறி அந்தப் பொழுதில்தான். அங்கே இருள் பகையாகவும் இருக்கிறது, மறைத்துக் காக்கும் துணையாகவும் இருக்கிறது. அகத்தில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்றும் அதே நூல் விதிக்கிறது. எங்கள் பதிவேட்டிலும் பெயருக்கு இடமில்லை. பெயர் இல்லாதபோது மனிதர்கள் எவ்வளவு சொல்லிவிடுகிறார்கள்!

தன் வீட்டிலேயே ‘நான்’ எசமான் இல்லை என்று ஃப்ராய்டு 1917இல் எழுதினார். குறளில் ஒரு தலைவி தன் நெஞ்சைப் பார்த்துக் கேட்கிறாள்: ‘அவர்நெஞ்சு அவர்க்காதல் கண்டும் எவன்நெஞ்சே நீஎமக்கு ஆகா தது.’ காதலருடைய நெஞ்சு அவருக்குத் துணை நிற்கிறதே, நீ ஏன் எனக்கு ஆகவில்லை என்கிறாள். வள்ளுவர் ஃப்ராய்டை முந்திவிட்டார் என்று பெருமை பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. இரண்டும் வேறு வேறு தேடல்கள். ஆனால் இரவு 3 மணிக்கு ஒருவர் “நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், மனசு கேட்க மாட்டேன் என்கிறது” என்று அழும்போது, எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தலைவியின் கோபம்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது ஃப்ராய்டு 1905ஆம் ஆண்டு நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் சொல்லும் சிறு நிகழ்ச்சி. மூன்று வயதுப் பையன் இருட்டறையிலிருந்து அத்தையை அழைக்கிறான்: பயமாக இருக்கிறது, ஏதாவது பேசுங்கள் என்று. பேசி என்ன பயன், என்னை உன்னால் பார்க்க முடியாதே என்கிறார் அத்தை. பரவாயில்லை, யாராவது பேசினால் வெளிச்சமாகிவிடுகிறது என்கிறான் பையன்.

இந்த வேலையில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி, “லைனில் இருக்கிறீர்களா?” என்பதுதான்.

ஐந்து வாரம் கழித்து, மஞ்சள் பல்புக்காரர் மறுபடி அழைத்தார். அழைப்பு என்னிடமே வந்தது தற்செயல். முன்பு பேசியது நான்தான் என்று அவரே கண்டுகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் மஞ்சள் பல்பு கிடைத்தது, இன்னும் மாட்டவில்லை என்றார். பிறகு நீண்ட நேரம் பேசவில்லை. சுவர்க்கடிகாரத்தின் ஒலி மட்டும் கேட்டது, அவர் வீட்டிலா எங்கள் அறையிலா என்று தெரியாதபடி.

“இருக்கிறீர்களா, மேடம்?”

“இருக்கிறேன்.”

தொலைபேசியை எதன்மீதோ வைத்தார். ஸ்டூல் ஒன்றைத் தரையில் இழுக்கும் சத்தம் வந்தது. மரம் ஒருமுறை கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் சுவிட்சின் ஒலி. வெளிச்சம் வந்ததா போனதா என்பது தொலைபேசியில் தெரியாது. நான் கேட்கவில்லை.