களப்பணி நாட்குறிப்பு: பார்த்ததை எழுதுவது

ஜூலை 10, 2025, வியாழன்

இரண்டாம் ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) பிள்ளைகளுக்கு இன்று களப்பணி இடம் ஒதுக்கியாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் களம், மற்ற நாட்களில் வகுப்பு. ஒருத்திக்கு அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவு, ஒருத்திக்குக் குழந்தைகள் நலக் குழு, ஒருவனுக்கு மனநல மறுவாழ்வு இல்லம், இரண்டு பேருக்குத் திருவள்ளூர் மாவட்டத்து இருளர் குடியிருப்புகள்.

1936-ல் பம்பாயில் டாடா பள்ளி, 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் தொடங்கிய பள்ளி என்று இந்தப் படிப்பு நம் நாட்டில் வேரூன்றி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் "உதவி செய்ய மனசு இருந்தா போதாதா, இதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம்?" என்று பிள்ளைகளின் வீட்டிலேயே கேட்கிறார்கள். மனசு வேண்டும்தான். ஆனால் கேட்கவும் எழுதவும் தெரியாதவரின் நல்ல மனசால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நஷ்டம் வரலாம். இந்தப் பருவம் முழுக்க அவர்களுடைய பதிவேடுகளை வரி வரியாகப் படிக்கப் போகிறேன்.

இங்கே ஆட்களின் பெயரும் ஊரும் வராது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுவேன்.

ஜூலை 18, வெள்ளி

காசநோய்ப் பிரிவுக்குப் போனேன். மாணவியின் பதிவேட்டில் ஒரே வரி: "நோயாளி ஒத்துழைப்பதில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டார்."

இருவரும் அவரிடம் போனோம். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே பேச ஆரம்பித்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். படுத்திருப்பவர் அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்லும்படி வைத்தால் அது விசாரணை ஆகிவிடும். "ஏன் மாத்திரை போடலை?" என்பதும் அப்படித்தான். "வேலைக்குப் போற அன்னிக்குக் காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செய்வீங்கண்ணே?" என்று கேட்கச் சொன்னேன்.

அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். விடியற்காலை நாலு மணிக்கு வேலை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டல், மூட்டை தூக்க முடியாது, அன்றைய கூலி போய்விடும். அதனால் வேலை இருக்கிற நாளில் மாத்திரை கிடையாது. அப்படியே விட்டுப்போய், கடைசியில் எழுந்து நிற்க முடியாமல் வந்து சேர்ந்திருக்கிறார். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கு முடங்கிக் கிடப்பதால் அவருக்கு அது வரவே இல்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே உடல் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. இதையெல்லாம் செவிலியர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அந்த நாலு மணிக்கு என்ன ஆகும் என்று பார்ப்பது நம் வேலை. மாத்திரை நேரத்தையும் குமட்டலையும் பற்றி மருத்துவரிடம் பேச ஒரு நாள், வங்கிக்குக் கூடப் போய்வர ஒரு நாள் என்று திட்டம் போட்டுக்கொண்டோம். "ஒத்துழைப்பதில்லை" என்ற வரியை அவளே அடித்துவிட்டு மேலே சொன்னதையெல்லாம் எழுதினாள்.

ஜூலை 26, சனி

இன்று படிவம் 22 பற்றி வெகுநேரம் பேச வேண்டியதாயிற்று. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை அது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தையை நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுதான்; அது குழந்தையின் வீட்டைப் பார்த்ததில்லை. அறிக்கை எழுதுபவரின் கண் வழியாகத்தான் பார்க்கிறது.

பேருந்து நிலையத்தில் இரவில் தம்பியோடு நின்ற ஒரு சிறுமி. யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னதால் வந்த வழக்கு. வீட்டுக்குப் போய்வந்த மாணவி, விசாரணை அலுவலருக்குக் கொடுக்க எழுதிவைத்திருந்த குறிப்பு: "தாய் பொறுப்பற்றவர். வீட்டுச் சூழல் குழந்தைக்கு ஏற்றதல்ல."

வீட்டில் என்ன பார்த்தாய், அதை மட்டும் சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். ஒரே அறை. பித்தளைக் குடத்தில் தண்ணீர், தட்டு போட்டு மூடியிருந்தது. பள்ளிச் சீருடை துவைத்துக் கொடியில் தொங்கியது. சுவரில் தம்பியின் தடுப்பூசி அட்டை, ஆணியில் மாட்டியிருந்தது. அம்மா துணிக்கடையில் வேலை, திரும்ப ஒன்பதரை ஆகும். அப்பா விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம். அம்மா வரும் பஸ்ஸுக்காகத்தான் பிள்ளைகள் அங்கே நின்றிருக்கிறார்கள்.

இதில் பொறுப்பின்மை எங்கே? ஆபத்து இருக்கிறது, மறைக்கக் கூடாது. இரவில் மூன்று மணி நேரம் பெரியவர் துணையில்லாமல் இரண்டு குழந்தைகள். அதையும் எழுது, தடுப்பூசி அட்டையையும் எழுது என்றேன். முதல் குறிப்பைப் படித்தால் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கத்தான் யாருக்கும் தோன்றும். இரண்டாவதைப் படித்தால் வேறு கேள்விகள் வரும்: அந்த மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவுக்கு இவர்கள் தகுதியா? இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கடைசி வழியை முதல் வழியாக்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றை வரிகள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஏர்வாடி நாள். 2001-ல் இதே தேதியில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் கூடாது என்கிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது, இன்றைய மாணவர்கள் பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை என்பது உறைத்தது. வருடா வருடம் சொல்லத்தான் வேண்டும்.

மறுவாழ்வு இல்லத்தில் இருக்கும் மாணவன் இன்று சந்தோஷமாக வந்தான். தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஓர் அம்மாவுக்கு ஊர்ப் பெயர் சொல்லத் தெரியவில்லை. இவன் ஊரைக் கேட்பதை விட்டுவிட்டு, சந்தை என்னைக்குக் கூடும், சந்தைக்குப் போக எங்கே பஸ் ஏறுவீங்க, வழியில் ஆறு வருமா என்று அரட்டை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். பஸ் ஏறும் இடத்துக் கோயில் பெயர் வந்ததும் தாலுகா வரைக்கும் பிடித்துவிட்டான்.

உடனே வீட்டாருக்குப் போன் போடக் கிளம்பியவனிடம், அந்த அம்மாவுக்கு வீட்டுக்குப் போக விருப்பமா என்று கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. முதலில் அது. பிறகு வீட்டார் மனநிலை, மாதாமாதம் மருந்து கிடைக்கும் பக்கத்து அரசு மருத்துவமனை. அப்புறம்தான் டிக்கெட்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தின கிராம சபை. செங்கல் சூளை சீசன் முடிந்து இருளர் குடியிருப்பில் எல்லோரும் இருக்கிறார்கள். அடுத்த சீசனுக்கு முன்பணம் கொடுக்க மேஸ்திரிகள் வந்துபோகும் காலமும் இதுதான். இப்படி முன்பணத்தைக் காட்டி ஆட்களைக் கட்டிப்போடுவதைத் தடுக்கும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

மாணவர்களின் கேள்வித்தாளில் "நீங்கள் கொத்தடிமையாக வேலை செய்தீர்களா?" என்று இருந்தது. எல்லோரும் இல்லை என்றார்கள். வேறு யார்தான் ஆமாம் என்பார்கள்? கேள்வியை மாற்றினோம். ஊரில் சாவு விழுந்தால் சூளையிலிருந்து எல்லோரும் கிளம்பி வர முடியுமா? ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு, கணக்கு நோட்டு யார் கையில்? ஒரு பெரியவர், மச்சான் சாவுக்குப் போக மகனை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள் என்றார். இதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன். கோட்டாட்சியரின் விசாரணை என்று வந்தால் அந்த வாக்கியம்தான் பேசும்.

சபையில் வீட்டுமனைப் பட்டாவும் தெருவிளக்கும் கேட்டுப் பேச வேண்டும். நீங்களே பேசுங்க மேடம் என்று குடியிருப்புப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முந்தின வாரமே மாணவர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகியிருந்ததால், நீங்கதான் பேசணும்க்கா என்று மறுத்துவிட முடிந்தது. அவர்களில் ஒருவர் எழுந்தார். முதலில் குரல் வரவில்லை. பாம்பு வந்த இரவைச் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. தீர்மானத்தை ஏட்டில் எழுதியதும், படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறோம் என்றார். படித்துக் காட்டினார்கள். பட்டா விட்டுப்போயிருந்தது. சேர்த்து எழுதினார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தீர்மான நகலோடு குடியிருப்புக்காரர்கள் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். மாணவர்கள் கூடப் போனதோடு சரி, வரிசையில் நின்றது அவர்கள்தான். ஒப்புகைச் சீட்டு வாங்கியாயிற்று. நில அளவைக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் குடியிருப்பில் யார் யார் இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை கூடிப் பேசுகிறார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறேன்.