மூடைக் கணக்கைக் குழப்பிய ஒரு வரி

கல்லடியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஒருநாள் போனில் "அப்பாச்சி திரும்பவும் விழுந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து அம்மா ஓடிவந்து, யாருடைய அப்பாச்சி என்று கேட்டார். அப்பாச்சி கெமல் என்பது ஓரிடத்திலிருந்து தரவை எடுத்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் ஒரு மென்பொருள் என்று விளங்கப்படுத்துவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

வேலை இதுதான். அரிசி ஆலைகள் நெல் கொள்முதல் விவரத்தை சிஎஸ்வி கோப்பாக அனுப்பும். வரிவரியாகப் பிரித்துக் கணக்கு மென்பொருளுக்குத் தள்ளவேண்டும், ஒரு பிரதியை ஃபோல்டரிலும் போடவேண்டும். எடுப்பது, பிரிப்பது, அனுப்புவது எல்லாம் கெமலிலேயே இருக்கிறது. ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டினால் எடையைக் கழிக்கும் கணக்கு மட்டும் எங்களுடையது. அதற்குத்தான் சொந்த ப்ரொசெஸர், அதாவது கெமலுக்குள் நாங்களே எழுதிச் செருகும் ஒரு துண்டு கோட். எழுதுவது லேசு: ஒரே ஒரு மெதட், கையில் எக்ஸ்சேஞ்ச் (மெசேஜைச் சுமந்துவரும் பொதி) வரும், அதிலுள்ள மெசேஜை மாற்றினால் சரி.

முதலில் கெட்-அவுட் (getOut) என்ற மெதட்டில் மாட்டினேன். பழைய உதாரணம் ஒன்றைப் பார்த்து அதில் பதிலைப் போட்டேன். பெயருக்கேற்றபடி, மெசேஜோடு வரும் குறிப்புகளான ஹெடர்கள் எல்லாம் வெளியே போய்விட்டன. கோப்பின் பெயரும் ஒரு ஹெடர்தானே! ஃபோல்டர் முழுக்க வாயில் நுழையாத ஐடிகள். கெமல் 3இல் கைவிடப்பட்ட மெதட் அது. கெட்-மெசேஜ் என்று மாற்றினேன், முடிந்தது.

பெரும்போக அறுவடையில் கோப்புகள் குவிந்தன. மெசேஜ்கள் காத்திருக்கும் கெமலின் செடா வரிசையில் ஐந்து த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஓடட்டும் என்று விட்டேன். மறுநாள் சம்மாந்துறை ஆலையின் 40 மூடை அக்கரைப்பற்று ஆலையின் பேரில் நின்றது. என் லெப்டொப்பில் எத்தனை தடவை ஓட்டினாலும் கணக்கு சரியாகவே வந்தது. இரண்டு இரவு லொக்கைப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். கடைசியில் கூட வேலைசெய்யும் தம்பிக்குத் திரையைக் காட்டினேன்.

"அண்ணா, மில் கோட ஏன் கிளாஸ்ல வச்சிருக்கீங்க?"

ஆலைக் குறியீட்டை (மில் கோட்) ப்ரொசெஸர் கிளாஸிலேயே ஒரு வரியில் வைத்திருந்தேன். ஆனால் ரூட்டில், அதாவது மெசேஜ் போகும் பாதையில், ப்ரொசெஸர் ஒரே ஒரு ஆப்ஜெக்ட். ஐந்து த்ரெட்டும் அதைத்தான் பயன்படுத்தும். ஒன்று ஆலைக் குறியீட்டை எழுதிவிட்டு டேட்டாபேஸில் விலையைத் தேடும். அந்த இடைவெளிக்குள் இன்னொன்று வந்து அதே இடத்தில் தன் ஆலையை எழுதிவிடும். லெப்டொப்பில் ஓடியது ஒரு த்ரெட், பிழை எப்படித் தலைகாட்டும்?

குறியீட்டை எக்ஸ்சேஞ்ச் ப்ரொபர்ட்டிக்கு, அதாவது எக்ஸ்சேஞ்சிலேயே ஒட்டிவைக்கும் குறிப்புக்கு மாற்றினேன். அது அந்தந்த மெசேஜோடுதான் கடைசிவரை போகும். அன்றைய கோப்புகளைத் திரும்ப ஓட்டினேன், 40 மூடையும் சம்மாந்துறைக்கே வந்தது. டெஸ்ட்டையும் மாற்றியிருக்கிறேன்: இப்போது ஒரே ப்ரொசெஸருக்கு ஐந்து த்ரெட்டில் 200 மெசேஜ் அனுப்பிப் பார்க்கிறது.