ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று ரைப் செய்தால் கொம்பியூட்டருக்குள் பதிவாவது தமிழ் அல்ல. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது எழுத்துரு போட்ட வேடம். திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்கு உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு வேடம் தெரியாது. உள்ளே கிடப்பதை அப்படியே உளறும். வன்னியில் ஒரு பிரதேச சபையின் இணையத்தளத்தை எல்லாருக்கும் எட்டச் செய்யப் புறப்படுகிறவர் முதலில் கால் இடறுவது இந்தக் கல்லில்தான்.

தளத்தைச் செய்து தருபவர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பார். அவர் எவ்வளவு ஒழுங்காகச் செய்து கொடுத்தாலும், மறுநாள் அதில் ஏறப்போகும் கேள்வி (டெண்டர்) அறிவித்தல் விடய உத்தியோகத்தரின் மேசையில் பாமினியில் பிறக்கிறது. ஆகவே வேலையையும் அந்த மேசையில்தான் தொடங்கவேண்டும். பல வருடம் பழகிய விரல்களைப் புதிய விசை ஒழுங்குக்கு மாறச் சொன்னால் ஒரு கிழமைக்குள் எல்லாரும் பழையதற்கே திரும்பிவிடுவார்கள். பாமினி விசை ஒழுங்கிலேயே, தமிழைத் தமிழாகவே பதியும் யுனிகோட்டில் எழுதவிடும் மென்பொருள்கள் உண்டு. என்எச்எம் ரைட்டர் அவற்றில் ஒன்று. அதை நிறுவிக் கொடுத்தால் பாதிச் சண்டை முடிந்தது.

பழைய கோப்புகளை யுனிகோட் மாற்றியில் போட்டு எடுக்கலாம். ஆனால் எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் இருந்த ஏ9 வீதி 'யு9 வீதி' ஆகிவிடும். சாய்கோடு ஆய்தமாகும், 12/05/2024 என்ற முடிவுத் திகதி 12ஃ05ஃ2024 என்று வந்து நிற்கும். கடித இலக்கங்களும் இப்படியே சிதையும். கண்ணால் பார்ப்பவர் ஊகித்துக்கொள்வார். காதால் கேட்பவருக்குத் திகதியே தவறிப்போகும். மாற்றியதும் 'ஃ' என்ற எழுத்தைத் தேடி ஒவ்வொன்றாகத் திருத்துவது விரைவான வழி. அலுவலகக் கடிதத்தில் உண்மையான ஆய்தம் அபூர்வம் என்பதால் தேடல் நீளாது. அடுத்ததாக 'யு'வைத் தேடவேண்டும். தொகைகளை மட்டும் மூலப் பிரதியோடு ஒருவர் வாசிக்க மற்றவர் பார்ப்பது நல்லது.

பாமினியை விடக் கெட்டது ஸ்கான் பிடிஎவ். அறிவித்தலை அச்செடுத்து, செயலாளர் கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கான் செய்து ஏற்றுவது வழமை. அதில் எழுத்தே இல்லை, வெறும் படம். திரைவாசிப்பான் 'வெற்று ஆவணம்' என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். கையொப்பமிட்ட பிரதி வேண்டும் என்ற சபையின் நியாயமும் புரிகிறது. அதற்காகச் சண்டை போடத் தேவையில்லை: அறிவித்தலின் வாசகத்தைப் பக்கத்திலேயே எழுத்தாக இட்டு, ஸ்கான் பிரதியைக் கீழே இணைத்தால் இரண்டும் நடக்கும். பழைய ஸ்கான்களை டெசராக்ட் போன்ற எழுத்துணரியால் மீட்கலாம். ஆனால் முத்திரை விழுந்த இடத்திலும் அட்டவணைக் கோட்டருகிலும் அது தடுமாறும்.

பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மொழிக் குறியீடு சின்ன விடயம், விளைவு பெரிது. வாங்கிய வார்ப்புருவில் அது ஆங்கிலம் என்றே விடப்பட்டிருந்தால், பக்கம் முழுக்கத் தமிழ் இருந்தாலும் திரைவாசிப்பானின் ஆங்கிலக் குரலிடமே போய்ச் சேரும். சில குரல்கள் ஒன்றும் பேசாமலே தாண்டிவிடும். மும்மொழித் தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே குறிக்கவேண்டும்.

இனிக் கை. போரில் கையையோ விரல்களையோ இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதித்துப் படுக்கையிலிருந்தே கைபேசியைப் பாவிப்பவர்கள் என்று இங்கே பலர். மவுசை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, ரப் விசையாலும் என்ரராலும் மட்டும் முகப்பிலிருந்து முறைப்பாட்டுப் படிவம் வரை போய்ப் பாருங்கள். இப்போது எதில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை 'அழகுக்காக' நீக்கியிருந்தால் மூன்றாவது அழுத்தத்திலேயே வழி தவறும். 2023இல் வந்த வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி 2.2, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. ஒரே விரலால் தொடுகிறவருக்கு அதுவும் நெருக்கம்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 நிறவேறுபாடு கேட்கிறது. வெள்ளையில் 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் மயிரிழையில் தேறும், 999999 தேறாது. வயல்வெளி வெயிலில் கீறல் விழுந்த திரையில் பார்ப்பவருக்கு இரண்டுமே போதாது, கறுப்பே நல்லது. தமிழ்ச் சொல் நீளமானது என்பதும் வடிவமைப்பாளருக்கு மறந்துபோகும். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் 'விண்ணப்பப்படிவங்கள்' பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

படிவங்களில் அதிகம் குழப்புவது அடையாள அட்டை இலக்கம். 2016 முதல் வழங்கப்படுவது 12 இலக்கங்கள் கொண்டது. பழையது 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். பெட்டி 12 இலக்கத்தை மட்டும் ஏற்றால் வயதானவர்கள் அத்தோடு சரி. சிவப்புக் கோட்டை மட்டும் காட்டாமல், என்ன பிழை என்பதை எழுத்தில் சொல்லவேண்டும். 'தொடர்புக்கு' என்ற பக்கத்தில் நிலையான தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தால் காது கேளாதவர் எப்படிப் பேசுவார்? குறுஞ்செய்தி போகும் இலக்கம் ஒன்று போதும்.

சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தான் ஒன்றை மூலையில் ஒட்டி, எழுத்தைப் பெருப்பித்துக் காட்டுகிற விற்பனைப் பொருள்கள் வருகின்றன. ஸ்கான் படத்தை அவை எழுத்தாக்கப்போவதில்லை. அந்தக் காசுக்கு ஒரு தட்டச்சாளருக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உண்டு. தகவல் தொழில்நுட்பத்தையும் உள்ளடக்கும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. ஆனால் ஒப்பந்தக்காரரிடம் கடைசிக் கொடுப்பனவைப் பிடித்துவைத்துக் கேட்கத் தேவைப்படுவது பரீட்சைதான். ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ மூன்று பேரை அழைத்து, அவரவர் கைபேசியில், 'இந்தக் கேள்வி அறிவித்தலின் முடிவுத் திகதி எப்போது, சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் இருக்கவேண்டும். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே குறி. அவர்கள் வந்துபோகும் செலவை மதிப்பீட்டிலேயே போட்டுவிடுங்கள்; பிறகு கேட்டால் எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று கணக்காளர் கேட்பார்.