ஆயித்தியமலை மாதாவிடம் நடந்து போனோம்

மட்டக்களப்பில் வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை, வாவியின் மேற்குக் கரை. செப்டெம்பர் மாதம், சிறுபோகம் வெட்டி முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் காய்ந்து கிடந்தன. ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்கு வவுணதீவு வழியாக நடந்தவர்களில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் இருந்தோம். அவ கத்தோலிக்கம், நான் சைவம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில், வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஏலுமான வருடங்களில் கதிர்காமம் என்று வளர்ந்தவள். நடந்து போய்ச் சாமி கும்பிடுவது பழக்கம்தான். செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பதுதான் புதிது. எனக்குத் தெரியாத இடங்களில் அக்கா கொஞ்சம் சத்தமாகச் சொன்னா, நான் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

கோயில் வளவில், “எந்தக் கோயில் பங்கு நீங்க?” என்று ஒரு அம்மா கேட்டா.

“நான் சைவம், அம்மா.”

“அதுக்கென்ன மகள், மாதாக்கிட்டதானே வந்திருக்கீங்க” என்று சொல்லிப் பாயில் ஒதுங்கி இடம் தந்தா.

சதா சகாய மாதா படத்தை வீடுகளில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. மூலப்படம் உரோமையில், புனித அல்போன்ஸ் ஆலயத்தில் 1866 தொடக்கம் இருக்கிறது. மிக்கேல், கபிரியேல் சம்மனசுகள் இரண்டு பக்கமும் ஈட்டியும் சிலுவையும் ஏந்தி நிற்க, பயந்துபோன பிள்ளை இயேசு தாயிடம் ஓடி வந்திருக்கிறது. ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. இரண்டு கையாலும் அம்மாவின் விரலைப் பிடித்திருக்கிறது. சண்டைக் காலத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர்கள், 2004இல் சுனாமிக்குத் தப்பி ஓடியவர்கள், 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிற மாவட்டம் இது. தமிழ்த் தாயோ முஸ்லிம் தாயோ, அந்தச் செருப்பை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திருப்பலியில் நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம் நான் எழும்பிப் போகவில்லை. அது அவர்களுடைய விசுவாசத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கானது. எல்லாம் ஒன்றுதான் என்று கலந்துவிடாத அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. என்னை யாரும் மாறச் சொல்லவில்லை, விலகச் சொல்லவுமில்லை. அக்கா நற்கருணை வாங்கி வந்து முழந்தாளில் நிற்க, பக்கத்திலேயே இருந்து என் கண்ணகை அம்மாளையும் நினைத்துக் கும்பிட்டேன்.

மறுகா, தங்கச்சியின் சுகப்பிரசவத்துக்காக இரண்டு பேரும் மெழுகுதிரி கொளுத்தினோம். பிள்ளை பிறந்தால் அடுத்த திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு வருவதாக மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்.