கப்பிக் கணக்கில் பார்முலா கடைசியில் வரட்டும்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் கப்பிக் கணக்கு, அதாவது கப்பிமேல் போகும் கயிற்றில் இரண்டு பொருள் தொங்கும் கணக்கு, வந்ததுமே "பார்முலா சொல்லிருங்க சார்" என்பார்கள், நீட் எழுதப்போகிற பிள்ளைகள் இன்னும் அவசரப்படுவார்கள். தராதீர்கள். கோபி பக்கம் டியூஷன் எடுக்கிறேன், நான் பார்த்தவரை பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: தொங்குகிற பொருளின் எடைதான் கயிற்றின் இழுவிசை (கயிறு பொருளை இழுக்கும் விசை) என்று நினைத்துவிடுகிறார்கள்.

அதனால் நான் கேள்வியில் தொடங்குவேன். சேந்து கிணற்று ராட்டினமும் ஒரு கப்பிதான், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அதன்மேல் ஒரு கயிறு, ஒரு பக்கம் 3 கிலோ, மறுபக்கம் 2 கிலோ, புவியீர்ப்பு முடுக்கம் 10. கயிறு தொய்யாமல் 3 கிலோவைக் கையில் தாங்கினால் இழுவிசை 20 நியூட்டன். 2 கிலோவை மேலே போகவிடாமல் பிடித்தால் 30. சரி, கையை எடுத்துவிட்டால்? 20 என்பார்கள், 25 என்பார்கள், ஒருவன் 50 என்பான். கொஞ்ச நேரம் வாதாடட்டும்.

அப்புறம் இரண்டு பொருளையும் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் அது ஓடுகிற திசைதான் பிளஸ். 30 கழித்தல் இழுவிசை சமம் 3 மடங்கு முடுக்கம். இழுவிசை கழித்தல் 20 சமம் 2 மடங்கு முடுக்கம். கயிறு நீளாது, ஆகவே முடுக்கம் ஒன்றே. கயிற்றுக்கும் கப்பிக்கும் நிறை இல்லை, உராய்வும் இல்லை, ஆகவே இரண்டு பக்கமும் இழுவிசை ஒன்றே. இந்தக் காரணங்களைப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவழையுங்கள், அதில் ஒரு முழு வகுப்பு போனாலும் பரவாயில்லை. இரண்டையும் கூட்டினால் முடுக்கம் 2, இழுவிசை 24. இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் வருகிறதா என்று பார்க்கப் பழகிவிட்டால் தேர்வில் பாதித் தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இனி கப்பியைத் தாங்கும் கொக்கிக்கு வாருங்கள். அதன்மேல் 48 நியூட்டன்தான், 50 இல்லை. "ஏனுங்க சார், மீதி ரெண்டு எங்கீங்க போச்சு?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், அந்தக் கேள்விக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம். இரண்டு பொருளையும் சேர்த்துப் பார்த்தால் நிறை மையம் 0.4 முடுக்கத்தோடு கீழே இறங்குகிறது. 5 கிலோவை 0.4 ஆல் பெருக்கினால் அந்த 2 கிடைத்துவிடும். கப்பியை ஒரு சுருள்வில் தராசில் மாட்டி, மணல் நிரப்பிய இரண்டு பாட்டில்களைத் தொங்கவிட்டு, செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினால் முள் குறைவதைக் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் அட்வுட் 1784ல் கப்பியும் இரண்டு எடையும் கொண்ட இந்தக் கருவியை விவரித்து எழுதினார், விழும் வேகத்தைக் குறைத்து நிதானமாக அளப்பதுதான் அதன் பயன். 51 கிராமும் 49 கிராமும் மாட்டினால் முடுக்கம் வெறும் 0.2. இதையும் சொல்லிவிட்டுப் பார்முலாவை எழுதலாம்.

மேசைக் கணக்கு அடுத்த நாளுக்கு. வழவழப்பான மேசைமேல் 4 கிலோ, அதில் கட்டிய கயிறு ஓரத்துக் கப்பி வழியாக இறங்கி அதில் 1 கிலோ தொங்குகிறது, இழுவிசை என்ன? யார் யோசிக்காமல் 10 என்கிறார்களோ அவர்களைப் பலகைக்குக் கூப்பிட்டு இரண்டு படத்தையும் வரைய வையுங்கள், 8 தானாக வரும்.